அதில் ஏறி எங்கே போகப் போகிறாய்?

அன்புள்ள பாப்பா,

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி நீ போனை வைத்த பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. "எனக்கு மன உறுதியே இல்ல அத்தை, போன வருசமும் இப்படித்தான் ஆச்சு" என்று சொல்லி நீ அழுதது காதிலேயே நிற்கிறது. அப்போதைக்கு ஏதோ ஆறுதல் சொன்னேன். விடிந்ததும் அது போதாது என்று பட்டது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். பஸ்ஸில் நின்றுகொண்டு படிக்காதே. வேலையெல்லாம் முடிந்து சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் படி.

ஜனவரி 1-ஆம் தேதி நீ வாட்ஸப்பில் அனுப்பிய பக்கத்தை மறுபடியும் எடுத்துப் பார்த்தேன். நாலு நிறப் பேனாவில் எழுதியிருக்கிறாய். விடிகாலை ஐந்து மணிக்கு எழுவது, ஜிம், வருசத்துக்கு 50 புத்தகம், ஜெர்மன் மொழி, சர்க்கரையை விடுவது, டைரி எழுதுவது, போனைக் குறைப்பது என்று மொத்தம் பதினொன்று. ஒன்பதாவதாக ‘அம்மாவோட தினமும் பேசணும்’. கடைசியாக, பக்கத்தின் அடியில், அது மட்டும் பென்சிலில், ‘கார்டு 40 ஆயிரம்’. எல்லாவற்றுக்கும் மேலே தலைப்புப் போல ‘புது ஆளா மாறணும்’. இப்போது மாசி பிறந்து பத்து நாள். பதினொன்றில் ஒன்றுகூட மிஞ்சவில்லை என்கிறாய்.

மன உறுதி இல்லை என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ராத்திரி ஒரு மணி வரை வேலை பார்த்துவிட்டு, அந்த ஹாஸ்டல் சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கொண்டு, மாசம் தவறாமல் வீட்டுக்குப் பணம் அனுப்புகிறவளிடம் உறுதி இல்லை என்று யார் சொன்னது? கோளாறு உன்னிடம் இல்லை. அந்தப் பக்கத்தில் இருக்கிறது. அதைச் சொல்ல உன் அப்பத்தா கதையிலிருந்துதான் நான் தொடங்க வேண்டும். அப்பத்தா சைக்கிள் ஓட்டியதை நீ பார்த்திருக்கிறாய். கேரியரில் உட்கார்ந்து போயும் இருக்கிறாய். அவள் அதைக் கற்றுக்கொண்ட விதத்தை யாரும் உனக்கு முழுசாகச் சொன்னதில்லை.

1991-ல் நம் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது எனக்கு இருபது வயது. பிளஸ் டூ முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். அதற்கு முந்தைய வருசம்தான் கேரளத்தில் எர்ணாகுளம், நாட்டிலேயே முழு எழுத்தறிவு பெற்ற முதல் மாவட்டம் என்று அறிவிக்கப்பட்டிருந்தது. அந்த வேகம் இங்கேயும் வந்தது. ஷீலா ராணி சுங்கத் அப்போது கலெக்டர். ஊர் ஊராகக் கலைக்குழு வந்து மந்தையில் நாடகம் போட்டார்கள், பாட்டுப் பாடினார்கள். சம்பளம் கிடையாது, படிக்கத் தெரிந்த இளவட்டங்கள் தொண்டராக வாருங்கள் என்றார்கள். நான் பேர் கொடுத்தேன். எனக்குப் பத்துப் பேரை ஒதுக்கினார்கள். அந்தப் பத்தில் ஒருத்தி என் அம்மா, உன் அப்பத்தா. அப்போது அவளுக்கு 42 வயது. பகலெல்லாம் குவாரியில் ஜல்லி உடைத்துவிட்டு வருவாள். கைவிரல்கள் மடங்காது. அந்த விரலில்தான் நான் பலப்பத்தைக் கொடுத்தேன்.

முதல் பாடத்தைச் சொன்னால் நீ ஆச்சரியப்படுவாய். ‘அம்மா’வும் இல்லை, ‘ஆடு’ம் இல்லை. ‘பட்டா’. நிலத்துக்குப் பட்டா. அந்தப் பத்துப் பேரில் யார் பேரிலும் ஒரு சென்ட் நிலம் கிடையாது. ஆனால் அந்தச் சொல் அவர்களுக்கு அத்துபடி. தாலுகா ஆபீஸ் வாசலில் அதற்காக நின்றிருக்கிறார்கள், அதைச் சொல்லித் திருப்பி அனுப்பப்பட்டிருக்கிறார்கள். எழுத்தும் எளிது. ‘ப’, ‘ட’ இரண்டும் நேர்க்கோடுகள்தான், சம்மட்டி பிடித்த கை கூட இழுத்துவிடும். ஆனால் எளிது என்பதால் மட்டும் அவர்கள் அதைப் பிடித்துக்கொள்ளவில்லை. அந்தச் சொல்லோடு அவர்களுக்கு ஒரு வழக்கு இருந்தது. முதல் ராத்திரியே பத்துப் பேரும் எழுதிவிட்டார்கள்.

அன்றைக்கு நான் ஒரு கேள்வி கேட்டேன். எனக்குத் தோன்றிக் கேட்டதல்ல, பயிற்சியில் கேட்கச் சொல்லியிருந்தார்கள். "நீங்க எதுக்குப் படிக்க வந்தீங்க?" ஒருத்தி, பாங்கியில் கைநாட்டு வைக்கும்போது மருமகள் பார்த்துச் சிரிக்கிறாள், கையெழுத்துப் போட வேண்டும் என்றாள். இன்னொருத்திக்கு, திருப்பூரில் இருக்கும் மகன் எழுதும் கடிதத்தை அடுத்த வீட்டுக்காரன் படித்துச் சொல்வது பிடிக்கவில்லை. ஒருத்தி பஸ் போர்டு என்றாள். இரண்டு பேர், எல்லாரும் வந்தார்கள் அதனால் வந்தோம் என்றார்கள். ஒருத்தி, அறிவு வளரணும் என்றாள். பயிற்சியில் சொல்லிக்கொடுத்த மாதிரியே பேசுகிறாள் என்று எனக்கு அப்போது அவளைத்தான் ரொம்பப் பிடித்தது. அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "லோடு கணக்கு" என்றாள்.

எத்தனை லோடு ஜல்லி ஏற்றினோம் என்று அவள் வீட்டுச் சுவரில் கரியால் கோடு போட்டு வைப்பாள். வாரக் கடைசியில் மேஸ்திரி தன் நோட்டைப் பார்த்து, ஒன்றோ இரண்டோ குறைத்துச் சொல்வார். சுவரைப் பிடுங்கிக்கொண்டு போய்க் காட்ட முடியாது. அவளுக்கு ஒரு நோட்டு வேண்டியிருந்தது.

மூன்று புத்தகங்கள், மொத்தம் ஏறக்குறைய 200 மணி நேரப் பாடம். ராத்திரி ஏழு மணிக்கு மேல் மாரியம்மன் கோவில் வாசல் டியூப்லைட்டில் வகுப்பு. சாதாரண வேகத்தில் போனது. சில நாள் பத்துப் பேரும் வருவார்கள், சில நாள் மூன்று பேர்.

இதற்கு நடுவில்தான் சைக்கிள் வந்தது. பெண்களுக்குச் சைக்கிள் கற்றுக்கொடுப்பதையும் இயக்கத்தின் ஒரு பகுதியாக வைத்தார்கள். எழுத்துக்கும் சைக்கிளுக்கும் என்ன சம்பந்தம் என்று நானே முதலில் நினைத்தேன். பஸ் இல்லாத ஊரில் இருக்கிறவள் எழுத்துத் தெரிந்து என்ன செய்வாள், அவள் போக வேண்டிய இடத்துக்கு அவளே போக முடிய வேண்டாமா என்றார்கள். ஊரில் பேசாத பேச்சில்லை. பாப்பா, அதையெல்லாம் எழுத எனக்குக் கை வரவில்லை. கூச்சமும் கேலியுமாக முதல் வாரம் போனது. அப்புறம் பார்த்தால் எந்த ஊர்ப் பொட்டலைப் பார்த்தாலும் பெண்கள் விழுந்து எழுந்துகொண்டிருந்தார்கள். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு. பார் வைத்த ஆம்பளைச் சைக்கிளிலேயே கற்றார்கள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முதலில் குரங்குப் பெடல், பிறகு ஏறி உட்கார்ந்து. அந்தப் பாரிலும் ஒரு வசதி இருந்தது, பிள்ளையை முன்னால் உட்கார வைத்துக்கொள்ளலாம். குவாரிப் பெண்கள், நடவாட்கள், கிராம செவிலியர், பால்வாடி டீச்சர், சத்துணவு ஆயா எல்லாரும் கற்றார்கள். நம் மாவட்டத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றதாகப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் பிறகு எழுதினார். அந்த ஒரு லட்சத்தில் உன் அப்பத்தாவும் நானும் உண்டு.

அம்மாவுக்கு நான்தான் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடினேன். அவள் எல்லாரையும் போலவே ஒரு தப்புச் செய்தாள். சைக்கிள் இடது பக்கம் சாய்ந்தால் பயந்துபோய் ஹேண்டிலை வலது பக்கம் திருப்புவாள். உடனே விழுவாள். ஐந்து நாள் இப்படி. முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டது. ஆறாவது நாள் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த அக்கா வந்து பார்த்துவிட்டு, "சாயற பக்கமே திருப்பு ஆத்தா, அதுவே உன்ன நிமித்திவிடும்" என்றார். விழப்போகிற பக்கத்துக்கே திருப்புவதா என்று அம்மா என்னைப் பார்த்தாள். திருப்பினாள். நிமிர்ந்தது. நான் கையை விட்டதே அவளுக்குத் தெரியாது. பொட்டலின் அந்தக் கோடி வரைக்கும் போய்விட்டாள். இறங்கத் தெரியாமல் வைக்கோல் போரில் மோதி நின்றாள்.

1992 ஆகஸ்டில் மாவட்டம் முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவித்தார்கள். பெரிய விழா. நாங்களெல்லாம் அழுதோம், அவ்வளவு சந்தோசம். அது பொய்யான சந்தோசம் இல்லை. ஆனால் நீ தெரிந்துகொள்ள வேண்டியது அதற்குப் பிறகு நடந்ததைத்தான். வகுப்பு குறைந்தது. டியூப்லைட்டுக்குக் கீழே உட்கார ஆள் இல்லை. நானும் அங்கன்வாடி வேலைக்குப் போய்விட்டேன். பத்து வருசம் கழித்து ஒரு நாள், அந்தப் பத்துப் பேருக்கும் என்ன மிஞ்சியிருக்கிறது என்று நினைத்துப் பார்த்தேன். ஒவ்வொருத்தியையும் எனக்குத் தெரியும், ஒரே ஊர்தானே. கையெழுத்துக்கு வந்தவள் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள், மற்றதெல்லாம் மறந்திருந்தாள். கடிதத்துக்கு வந்தவள், மகன் போன் வாங்கும் வரை படித்தாள். பஸ் போர்டுக்கு வந்தவள் இன்றைக்கும் ‘அன்னவாசல்’, ‘இலுப்பூர்’ என்று தூரத்திலிருந்தே சொல்வாள், பேப்பரைக் கொடுத்தால் முழிப்பாள். சும்மா வந்த இரண்டு பேரும் கைநாட்டுக்கே திரும்பிவிட்டார்கள். அறிவு வளரணும் என்றாளே, எனக்கு ரொம்பப் பிடித்தவள், அவளும்தான். அதை நினைத்தால் எனக்கு இன்னும் வருத்தம். அவளுடைய குறிக்கோள்தான் எல்லாவற்றிலும் பெரியது. ஆனால் மறுநாள் காலையில் அவள் அதைக்கொண்டு போக வேண்டிய இடம் என்று ஒன்று இல்லை. நான் அவளிடம் இன்னொரு கேள்வி கேட்டிருக்க வேண்டும். ‘அறிவு வளர்ந்தா முதல்ல எங்க போவ?’ என்று. எனக்கு இருபது வயசு, கேட்கத் தெரியவில்லை.

அம்மாவுக்கு எண் மறக்கவே இல்லை. லோடு நோட்டு எழுதினாள். சைக்கிளும் மறக்கவில்லை. அது யாருக்கும் மறக்காது என்பார்கள். மறக்காததற்கு உடம்பு மட்டும் காரணமில்லை. கற்ற மறுநாளே அதற்கு வேலை இருந்தது. குவாரிக்கு நாலு மைல் நடந்தவள் சைக்கிளில் போனாள். கேரியரில் குடம் கட்டித் தண்ணீர் எடுத்தாள். அன்னவாசலில் கடலை விலை என்ன என்று அவளே போய்க் கேட்டுவிட்டு வந்தாள். உன் அப்பாவுக்குக் காய்ச்சல் கண்டபோது யாரையும் எதிர்பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். ஏறினால் போவதற்கு இடம் இருந்தது, அதனால் ஏறிக்கொண்டே இருந்தாள்.

இப்போது உன் பக்கத்துக்கு வருகிறேன். ஒவ்வொரு வரியிடமும் இந்த ஒரு கேள்வியைக் கேள். இதில் ஏறி நான் எங்கே போகப் போகிறேன்? வருசக் கடைசியில் இல்லை, நாளைக் காலையில்.

ஜெர்மன். ஏன் என்று போனில் கேட்டேன். "ரூம்ல எல்லாரும் கத்துக்கிறாங்க" என்றாய். எல்லாரும் வந்தார்கள் அதனால் வந்தோம் என்ற அந்த இரண்டு பேர் எனக்கு ஞாபகம் வந்தார்கள். ஜெர்மனிக்குப் போகும் எண்ணம் நிஜமாக வந்தால் அந்த மொழி தன்னால் உன் தொண்டையில் வந்து உட்காரும். இப்போது அதை அடித்துவிடு. குற்ற உணர்ச்சியே வேண்டாம். அம்மா ஏறக் கற்ற பிறகு இறங்கக் கற்க இன்னும் நாலு நாள் ஆனது. அதுவும் கற்க வேண்டிய ஒன்றுதான்.

50 புத்தகம். நீ சின்ன வயசில் என் மடியில் படுத்து ஒரே கதைப் புத்தகத்தை முப்பது தடவை கேட்டவள். உனக்குப் படிப்பதில் ஆசை உண்டு. 50 என்ற எண்ணில் ஆசை இல்லை. எண்ணை எடுத்துவிடு. படுக்கும்போது தலைமாட்டில் ஒரு புத்தகம் இருந்தால் போதும்.

ஐந்து மணிக்கு எழுவதைப் பார்த்ததும் எனக்குக் கோபமே வந்தது. ஒரு மணிக்குப் படுக்கிறவள் ஐந்து மணிக்கு எழுந்து எதைச் சாதிக்கப் போகிறாய்? நடவு நேரத்தில் எங்கள் வகுப்புக்கு யாரும் வர மாட்டார்கள். இடுப்பொடிய நட்டுவிட்டு வந்தவளிடம் சிலேட்டை நீட்ட முடியுமா? நாங்கள் அதைத் தோல்வி என்று எழுதி வைக்கவில்லை. நடவு முடியட்டும் என்றோம். அறுவடைக்கு மட்டும் ஒன்பது மணிக்கு மாற்றினோம். உன் வேலைக்கும் ஒரு நடவு, அறுவடை இருக்கும். எந்த வாரம் ராத்திரி வேலை, எந்த மாசம் நெருக்கடி என்று உனக்குத் தெரியும். அதைப் பார்க்காமல் வேறு யாரோ ஒருவருடைய காலையை எடுத்து உன் பக்கத்தில் எழுதியிருக்கிறாய். தூங்கு பாப்பா. ஏழு மணி நேரம் தூங்கு. அந்த ஒன்றைச் செய்தால் சர்க்கரையும் போனும் கொஞ்சம் தாமாகவே குறையும். தூக்கம் கெட்ட உடம்புதான் நடுராத்திரியில் இனிப்பையும் வெளிச்சத்தையும் தேடுகிறது.

ஜிம்மைப் பற்றி எனக்குச் சொல்லத் தெரியவில்லை. போகப் பிடித்தால் போ. ஆபீஸிலிருந்து ஹாஸ்டலுக்கு இரண்டு கிலோமீட்டர் என்றாய், பகல் வேலை இருக்கும் வாரத்தில் அதை நடந்தாலும் சரி.

கடைசி வரிக்கு வருகிறேன். பென்சிலில் எழுதிய அந்த வரிதான் உன் ‘லோடு கணக்கு’ என்று எனக்குப் படுகிறது. மற்ற பத்தும் நிறப் பேனாவில் இருக்கும்போது அது மட்டும் ஏன் பென்சிலில்? அதை எழுதும்போது உனக்கு வெட்கமாக இருந்திருக்கும். உன்னை ராத்திரியில் எழுப்பி உட்கார வைப்பது ஜெர்மன் இல்லை, அதுதான். போனிலும் அதைப் பற்றிப் பேசும்போதுதான் உன் குரல் உடைந்தது.

நான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். உன் கிரெடிட் கார்டுக்கு மாசம் மூன்றரை சதவீதம் வட்டி என்றாய். 40,000-க்கு 1,400 ரூபாய். அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி., 252 ரூபாய். ஆக 1,652. நீ மாசா மாசம் குறைந்தபட்சத் தொகை என்று 2,000 கட்டிக்கொண்டிருக்கிறாய். அப்படியானால் முதல் மாசம் அசலில் குறைவது வெறும் 348 ரூபாய். இதே 2,000 என்று கட்டிக்கொண்டே போனால், புதிதாக ஒரு பைசா தேய்க்காவிட்டாலும், முடிக்க மூன்றரை வருசத்துக்கு மேல் ஆகும். நடுவில் தேய்த்தால் முடிவே இல்லை. 4,000 கட்டினால் பதினாலு மாசத்தில் முடிந்துவிடும். இரட்டிப்புப் பணம், ஆனால் காலம் மூன்றில் ஒரு பங்கு. மேஸ்திரியின் நோட்டில் குறைந்த லோடு எங்கே போனது என்று அம்மா கண்டுபிடித்த அன்று அவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று இதைப் போட்டு முடித்தபோது எனக்குப் புரிந்தது.

அந்த இன்னொரு 2,000 எங்கிருந்து வரும் என்று கேட்பாய். ஜிம்முக்கும் ஜெர்மன் வகுப்புக்கும் சேர்த்து எவ்வளவு கட்டுகிறாய் என்று பார். போதாவிட்டால் வீட்டுக்கு அனுப்புவதில் ஆயிரத்தைப் பதினாலு மாசத்துக்குக் குறை. உன் அப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். அண்ணன் கோபப்பட மாட்டான். உனக்குக் கடன் இருப்பது தெரியாமல் இருப்பதுதான் அவனுக்குக் கஷ்டம். சம்பளம் வந்த அன்றே 4,000 கட்டிவிடு. மாசக் கடைசியில் மிஞ்சியதைக் கட்டலாம் என்று வைக்காதே, மிஞ்சாது. கார்டைப் பர்ஸிலிருந்து எடுத்துப் பெட்டியில் வை. போனில் அது பதிந்திருக்கும் கடைகளிலிருந்தும் எடுத்துவிடு. ராத்திரி படுக்கும் முன் அன்றைக்குச் செலவானதை மட்டும் எழுது. டைரி எழுதணும் என்றாயே, அந்த டைரி இதுதான். ஐந்து வரிக்கு மேல் வராது.

இந்த வருசத்துக்கு இது ஒன்று போதும் என்பேன். கூடவே, ஒன்பதாவது வரி. உன் அம்மாவோடு பேசுவது. அதைக் குறிக்கோள் என்று எழுத வேண்டியிருக்கிறதே என்று எனக்கு மனசு கஷ்டமாக இருந்தது. ஆனால் எழுதியது சரிதான். தினமும் என்பதை எடுத்துவிடு. தினமும் என்று வைத்தால் ஒரு நாள் விட்டதும் வெட்கப்பட்டு ஒரு வாரம் பேசாமல் இருந்துவிடுவாய், உன்னை எனக்குத் தெரியும். ஆபீஸ் விட்டு நடக்கும் அந்த இரண்டு கிலோமீட்டரில் பேசு. நடக்கும் நாளில் பேசினால் போதும்.

தவறும் பாப்பா. நான் ஒளிக்காமல் சொல்கிறேன், தவறும். ஒரு மாசம் 4,000 கட்ட முடியாது. ஒரு பண்டிகைக்கு அந்தக் கார்டு பெட்டியிலிருந்து வெளியே வரும். அன்றைக்கு நீ என்ன செய்வாய் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. போன வருசமும் இந்த வருசமும் நீ என்ன செய்தாய்? ஒரு வாரம் விட்டுப்போனதும் அந்தப் பக்கத்தைத் திறந்தே பார்க்கவில்லை. சாய்கிற பக்கத்தைப் பார்க்கப் பயந்து எதிர்ப்பக்கம் திருப்பினாய். அம்மா ஐந்து நாள் செய்ததும் அதுதான். தவறிய அன்றைக்கே நோட்டைத் திற. எவ்வளவு, எதற்கு, எந்த நேரத்தில் என்று எழுது. திட்டிக்கொள்ளாமல் எழுது. அங்கன்வாடியில் மாசா மாசம் பிள்ளைகளை எடை போடுகிறேன். ஒரு மாசம் எடை ஏறவில்லை என்றால் நாங்கள் பிள்ளையைத் திட்டுவதில்லை, அட்டையைக் கிழித்துப் போடுவதும் இல்லை. புள்ளியை வைக்க வேண்டிய இடத்தில் வைத்துவிட்டு, வயிற்றுப்போக்கு வந்ததா, பல் முளைக்கிறதா என்று தாயிடம் கேட்போம். எடை போடாமல் விட்ட மாசம்தான் எங்களுக்குப் பயம்.

இன்னொன்று. யாரிடமாவது சொல்லிவிட்டுச் செய். ஊருக்கெல்லாம் ஸ்டேட்டஸ் வைக்கச் சொல்லவில்லை. ஜனவரி 1-ஆம் தேதி எல்லாருக்கும் அனுப்பினாய், எத்தனை பேர் பிறகு கேட்டார்கள்? பாராட்டு வந்ததும் வேலை முடிந்த மாதிரி ஆகிவிடுகிறது. அம்மா பின்னால் நான் ஒருத்திதான் ஓடினேன். கேரியரைப் பிடித்த கை ஒன்று போதும். அந்தக் கையாக நான் இருக்கிறேன். ஒவ்வொரு மாசமும் 5-ஆம் தேதி மீதி எவ்வளவு என்று ஒரு எண்ணை மட்டும் எனக்கு அனுப்பு. நலமா என்று கூடக் கேட்க வேண்டாம். கூடினாலும் அனுப்பு, குறைந்தாலும் அனுப்பு. நான் ஒரு வார்த்தை கடிந்து சொல்ல மாட்டேன். ஆனால் 6-ஆம் தேதி வரைக்கும் வரவில்லை என்றால் போன் செய்வேன்.

‘புது ஆளா மாறணும்’ என்ற தலைப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதைப் படித்தபோது நீ உன்னை எவ்வளவு வெறுத்துக்கொண்டிருக்கிறாய் என்று பயந்துபோனேன். அப்பத்தா புது ஆளாக மாறவில்லை. அதே முன்கோபம், அதே வெற்றிலை, அதே மருமகளோடு அதே சண்டை. 70 வயது வரை அப்படியேதான் இருந்தாள். ஆனால் அன்னவாசல் பக்கத்து ஊராகிவிட்டது. ஆஸ்பத்திரி பக்கத்தில் வந்துவிட்டது. மேஸ்திரி அவளைப் பார்த்தால் நோட்டைச் சரியாகத் திறந்தார். என்னை வேலைக்கு அனுப்பக் கூடாது என்று சொந்தக்காரர்கள் சொன்னபோது, "அவளுக்குச் சைக்கிள் இருக்கு, போயிட்டு வருவா" என்று ஒரே வரியில் முடித்தாள். 42 வயது வரை அப்படி ஒரு வரியை அவள் சபையில் பேசி நான் கேட்டதில்லை. இருக்கிற அதே பெண்ணால் அது முடிந்தது. நீயும் இருக்கிற ஆளாகவே இரு. நம் வீட்டில் உன்னிடம் ஒரு குறையும் யாரும் கண்டதில்லை.

இந்தக் கடிதத்தோடு ஒரு நோட்டு அனுப்பியிருக்கிறேன். அப்பத்தாவின் லோடு நோட்டு. டிரங்குப் பெட்டியில் பட்டுச் சேலைக்கு அடியில் வைத்திருந்தாள். குவாரி வேலையை விட்டதும் எழுதுவதை நிறுத்திவிட்டாள், அதனால் பாதிக்கு மேல் காலி. எண்கள் ஆரம்பத்தில் கோணலாக இருக்கும். 8 எழுத அவளுக்கு வராது, இரண்டு சுழியை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்திருப்பாள். போகப்போக நேராகும். ஒரு பக்கத்தில் மட்டும் ஒரு எண்ணை அடித்து, பக்கத்தில் வேறு எண் எழுதியிருக்கிறது. அது மேஸ்திரி ஒப்புக்கொண்ட வாரம். அவள் எழுதி முடித்த இடத்துக்கு அடுத்த பக்கத்திலிருந்து நீ எழுது. பேனாவிலேயே எழுது.

பங்குனித் திருவிழாவுக்கு லீவு கிடைத்தால் வா. சைக்கிளுக்கு டயர், டியூப் மாற்றி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
உன் அத்தை